ப்ளே ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கும் செயலிகள்: விலைக்குத் தகுந்த சரக்கா?

ஆண்ட்ராய்டின் ப்ளே ஸ்டோரில் ஒரு செயலிக்கு விலை வைப்பவர் அதை எழுதியவர்தான். ஒருமுறை 25 டாலர் கட்டிக் கணக்குத் தொடங்கிவிட்டால், தான் செய்த சரக்குக்குத் தானே விலை போட்டுக்கொள்ளலாம். தீம்பொருள் இருக்கிறதா, விதிமீறல் இருக்கிறதா என்று கூகுள் பார்க்கும். கேட்கும் விலைக்கு அது பெறுமா என்பதை யாரும் பார்ப்பதில்லை. வெளியிடுவதற்கு முன் ஆட்களும் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று கூகுள் அறிவித்ததே 2015இல்தான்.

இந்தத் திறந்த கதவால் என்ன நடக்கும் என்பதற்கு 2014 ஏப்ரலில் வைரஸ் தடுப்புச் செயலி என்று சொல்லி வந்த வைரஸ் ஷீல்டு போதுமான சாட்சி. விலை 3.99 டாலர். கட்டணச் செயலிகளின் வரிசையில் மேலே ஏறி நின்றது. பத்தாயிரத்துக்கு மேல் விற்றது, நட்சத்திர மதிப்பீடும் உயரத்தில் இருந்தது. உள்ளே பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது: தொட்டால் பெருக்கல் குறி போட்ட படம் 'சரி' குறி போட்ட படமாக மாறும், வைரஸ் தேடும் வேலை எதுவும் அதில் இல்லை. கூகுள் அதை நீக்கி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்து, ப்ளே ஸ்டோரில் செலவழிக்க 5 டாலர் சலுகைத் தொகையும் கொடுத்தது. விலை, தரவரிசை, நட்சத்திரம் மூன்றும் ஒன்றுக்கொன்று பொய்ச்சாட்சி சொல்ல முடியும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கட்டணச் செயலிகளில் அருமையான சரக்கு உண்டு. ஒரு சிற்றுண்டிக் காசுக்குப் பல வருடம் உழைக்கும் கருவிகள் அங்கே கிடைக்கின்றன. ஆனால் நல்லதையும் சொத்தையையும் பிரித்துக்காட்ட கடைப்பக்கம் போதிய உதவி செய்வதில்லை. அந்த வேலையை வாங்குபவர்தான் செய்தாக வேண்டும்.

முதலில் எந்த வகையில் விற்கிறார்கள் என்று பாருங்கள். நிறுவும் முன்பே மொத்தப் பணத்தையும் வாங்குவது ஒரு வகை. இலவசமாகக் கொடுத்துவிட்டு உள்ளே ஒருமுறை கட்டணம் கேட்பது இன்னொன்று. மூன்றாவது, இலவசச் செயலியின் பூட்டிய வசதிகளைத் திறக்க 'அன்லாக்கர்' என்று தனிச் சாவிச் செயலியை விற்பது. பவர்ஆம்ப் இசைச் செயலி நெடுங்காலம் இப்படித்தான் விற்றது. கடைசியாகச் சந்தா. இலவசமாக ஒருமுறை வெளியான செயலியைப் பின்னால் கட்டணச் செயலியாக மாற்ற ப்ளே ஸ்டோர் விடாது. அதனால் இலவசமாகத் தொடங்கி நல்ல பெயர் எடுத்த டெவலப்பர் காசு பார்க்க வேண்டுமானால் மற்ற மூன்று வழிகளில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும். கட்டணப் பட்டியலை மட்டும் மேய்பவர்கள் தரமான செயலிகள் பலவற்றைப் பார்க்காமலே போவது இதனால்தான்.

இந்த வகைகளுக்குள் வாங்குபவருக்கு ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கூகுளின் குடும்ப நூலகத்தில், வாங்கிய செயலியைக் குடும்பக் குழுவில் உள்ள மற்ற ஐந்து பேரோடு பகிரலாம். செயலிக்குள் வாங்கிய எதையும் அப்படிப் பகிர முடியாது. சாவிச் செயலி தனிச் செயலியாக விற்கப்படுவதால், டெவலப்பர் அனுமதித்திருந்தால் அதுவும் பகிர்வில் வந்துவிடும். ஒரே விலை, ஒரே வசதி என்றால் முன்பணச் செயலியும் சாவிச் செயலியும்தான் லாபம். எதுவானாலும் வாங்கியது அந்தக் கூகுள் கணக்கோடு கட்டுண்டது, வேறு கணக்குக்கு மாற்ற வழியில்லை. அலுவலகக் கணக்கில் வாங்கிவிட்டு வேலை மாறினால் அதோடு போயிற்று.

உள்கட்டண விவரத்தைக் கடைப்பக்கம் காட்டும் விதம் எங்களுக்குக் கொஞ்சமும் ஏற்புடையதாக இல்லை. 'செயலியைப் பற்றி' பகுதியின் அடியில், ஒரு பொருளுக்கு இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று ஒரு வீச்சு மட்டும் இருக்கும். அது மாதச் சந்தாவா, ஒரே தடவைக் கட்டணமா, விளம்பரத்தை நீக்கவா, முழு வசதிக்கா என்று எதுவும் இருக்காது. கடை நினைத்தால் ஒரே நாளில் சரிசெய்யக்கூடிய குறை இது. இப்போதைக்கு விமர்சனங்களைப் படித்து, சந்தா பற்றி யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று பார்க்கலாம்.

விலைக்கும் தரத்துக்கும் உள்ள உறவை உண்மையில் தீர்மானிப்பது பராமரிப்புச் செலவு. 3 டாலர் செயலி விற்றால், ஆண்டின் முதல் பத்து லட்சம் டாலர் வரை கூகுள் எடுக்கும் 15 சதவீதக் கழிவு (2021 ஜூலைக்கு முன் 30) போக, டெவலப்பர் கையில் வரிக்கு முன் 2.55 டாலர் நிற்கும். அவ்வளவுதான், அதன்பின் அந்த வாடிக்கையாளரிடமிருந்து ஒரு காசும் வராது. ஆண்ட்ராய்டோ ஆண்டுதோறும் மாறுகிறது. புதிய பதிப்பின் விதிகளுக்கு ஏற்பச் செயலியைத் திருத்தாவிட்டால், புதிய போன் வைத்திருக்கும் புதியவர்களுக்கு அது கடையில் தென்படாது. பழைய வகைச் சில்லுகளுக்கென எழுதப்பட்டு 32-பிட்டில் மட்டும் ஓடும் விளையாட்டுகளைக் காசு கொடுத்து வாங்கியவர்கள், கூகுளின் பிக்சல் 7 போன்ற 64-பிட் செயலிகளை மட்டும் ஏற்கும் போன்களில் அவற்றை நிறுவவே முடியாது.

ஆகவே 'கடைசியாகப் புதுப்பித்த தேதி'யை விலைக்கு முன் பாருங்கள். கணிப்பான், அலகுமாற்றி போன்றவை ஒரு வருடம் புதுப்பிக்கப்படாமல் இருந்தால் பதற வேண்டியதில்லை. கோப்பு மேலாளர், காப்புப்பிரதிக் கருவி, விசைப்பலகை போன்று போனின் இயங்குதளத்தின் உள்ளே கைவைப்பவை ஒரு வருடம் அசையாமல் கிடந்தால் வாங்காதீர்கள். ஆண்ட்ராய்டு 11 கோப்புகளைத் தொடும் உரிமையை இறுக்கியபோது அடிவாங்கியவை கோப்பு மேலாளர், காப்புப்பிரதிக் கருவி போன்றவைதான்.

டெவலப்பர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கைமீறும் விஷயங்களும் உண்டு. அழைப்புப் பதிவுச் செயலிகள் நம்பியிருந்த அணுகல்தன்மை வழியை (மாற்றுத்திறனாளிகளுக்காக ஆண்ட்ராய்டில் உள்ள வசதி) கூகுள் 2022 மே மாதம் விதி போட்டு அடைத்தது. அதற்கு முன் வாங்கியவர்களின் செயலிகள் பலவும் போனில் இருந்தும், பதிவு செய்யும் வேலையை இழந்தன. 2023 ஜனவரியில் ட்விட்டர் வெளியார் செயலிகளைத் துண்டித்தபோது, காசு கொடுத்து வாங்கிய ட்விட்டர் செயலிகள் ஒரே இரவில் வெற்று ஓடாயின. வானிலைச் செயலிகள் பல, டார்க் ஸ்கை என்ற வானிலை நிறுவனத்தின் தரவை வாங்கிக் காட்டிக்கொண்டிருந்தன. ஆப்பிள் அந்நிறுவனத்தை 2020இல் வாங்கி, தரவுச் சேவையை 2023 மார்ச்சோடு நிறுத்தியதும் அவை வேறு மூலத்தைத் தேட வேண்டியதாயிற்று. செயலி இன்னொருவர் சேவையின்மேல் உட்கார்ந்திருந்தால் 'ஆயுள் முழுக்க' என்ற சொல்லுக்கு அதிக விலை தராதீர்கள்.

சந்தா நியாயமா என்பதற்கும் இதே அளவுகோல்தான். நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் டெவலப்பருக்குச் செலவு ஆகிறதா? வானிலைத் தரவு, மேகச் சேமிப்பு, நேரடிப் போக்குவரத்து வரைபடம் என்றால் ஆகிறது, சந்தா கேட்பதில் தவறில்லை. ஒலிச்சமன் (ஈக்வலைசர்), குறிப்பேடு, படத்தைப் பிடிஎஃப் ஆக்கும் கருவி என்று எல்லா வேலையும் போனுக்குள்ளேயே முடிகிறதென்றால் வாரச் சந்தா கேட்பது அநியாயம். அப்படிப்பட்டவற்றை நாங்கள் பரிந்துரைப்பதே இல்லை. செயலியை அன்இன்ஸ்டால் செய்தால் சந்தா நிற்காது என்பதையும் மறக்க வேண்டாம். ப்ளே ஸ்டோரில் 'கட்டணங்களும் சந்தாக்களும்' பகுதிக்குப் போய்த் தனியாக நிறுத்த வேண்டும்.

காசு கொடுக்கும் முன், எவரும் நிரலைப் பார்க்கக்கூடிய செயலிகளைத் தரும் இலவசக் கடையான எஃப்-ட்ராய்டிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள். மூலநிரல் திறந்த செயலிகள் சில ப்ளே ஸ்டோரில் விலைக்கும் அங்கே இலவசமாகவும் கிடைக்கின்றன. நாட்காட்டியையும் தொடர்புகளையும் ஒத்திசைக்கும் டேவ்எக்ஸ்5 அப்படி ஒன்று. ப்ளே ஸ்டோரின் இலவச ஓஸ்ம்அண்ட் என்ற வரைபடச் செயலியில் வரைபடப் பதிவிறக்கத்துக்கு உள்ள எண்ணிக்கைக் கட்டுப்பாடு எஃப்-ட்ராய்டு பதிப்பில் இல்லை. வசதி உள்ளவர்கள் ப்ளே ஸ்டோரிலேயே வாங்குங்கள், அந்தக் காசில்தான் அடுத்த அப்டேட் வருகிறது.

பணம் திரும்பப் பெறும் அவகாசம் தொடக்கத்தில் 24 மணி நேரமாக இருந்தது. 2010 டிசம்பரில் அதை 15 நிமிடமாகக் குறுக்கினார்கள், 2014இல் 2 மணி நேரமாக்கினார்கள். பெரிய விளையாட்டைச் சோதிக்க இது போதாது. கடிகாரம் வாங்கிய நொடியிலிருந்தே ஓடத் தொடங்கும், பதிவிறக்கமே அரை மணி நேரத்தைத் தின்றுவிடும். வைஃபை உள்ள இடத்தில், கையில் நேரம் இருக்கும்போது வாங்குங்கள். நிறுவியதும் விமானப் பயன்முறையில் போட்டுத் திறந்து பாருங்கள். இணையமில்லாமல் உரிமம் சரிபார்க்க முடியாமல் நின்றுவிடும் செயலிகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அடுத்து, உங்கள் தரவை வெளியே எடுத்து மறுபடி ஏற்ற முடிகிறதா என்று சோதியுங்கள். நினைவூட்டல் தரும் செயலியென்றால் திரையை அணைத்து இருபது நிமிடம் விட்டு, அறிவிப்பு நேரத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். பேட்டரிச் சிக்கன அமைப்பு பின்னணியில் அதைக் கொன்றுவிடுவது வழக்கமான கோளாறு, விதிவிலக்கு கொடுத்தபின் இன்னொரு முறை சோதிக்க வேண்டும்.

பிடிக்கவில்லையா, இரண்டு மணி நேரத்துக்குள் செயலியின் பக்கத்திலேயே ரீஃபண்ட் பொத்தான் இருக்கும். தவறினால் 48 மணி நேரம் வரை ப்ளே ஸ்டோர் இணையதளத்தில் ஆர்டர் வரலாற்றுக்குப் போய்ச் சிக்கலைத் தெரிவிக்கலாம், கொடுப்பதும் மறுப்பதும் கூகுள் கையில். அதுவும் தாண்டினால் டெவலப்பருக்கு நேரே எழுதுங்கள். ஒரே செயலியை ஒருமுறை திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்கினால், இரண்டாவது தடவை அந்தப் பொத்தான் கைகொடுக்காது.