கொக்கிக்குள் ஆறு மில்லிமீட்டர்

போன வாரம் என் சைக்கிளின் பின் கேரியரின் வலது காலைப் பிடித்திருந்த போல்ட் முறிந்துவிட்டது. ஒரு சிறிய ஏற்றத்தில் சீட்டை விட்டு எழுந்து மிதித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ‘ணங்’ என்று ஒரு சத்தம். கேரியர் ஒருபக்கமாகச் சாய்ந்தது, வலது பை ஸ்போக்கை உரசத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால் போல்ட்டின் தலையைக் காணவில்லை. மிச்சம் பிரேமின் துளைக்குள் அப்படியே சிக்கிக்கொண்டிருந்தது. கையில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் டைகளால் கேரியரின் காலைப் பிரேமோடு இறுக்கிக் கட்டினேன். வலது பையைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு மீதி 30 கிலோமீட்டரை ஓட்டி வந்து சேர்ந்தேன்.

பழுது பார்த்தவர் கைதேர்ந்தவர். முறிந்த துண்டின் நடுவில் புள்ளி குத்தி, இடப்புறமாகச் சுழலும் மெல்லிய டிரில் முனையைப் பொறுமையாக இறக்கினார். பாதி ஆழம் போனதும் முனை துண்டைக் கவ்விக்கொண்டது. அடுத்த நொடி துண்டு தானே மரை கழன்று வெளியே வந்துவிட்டது. பிரேமின் மரைக்கு ஒரு சேதமும் இல்லை. அந்தத் துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். முறிந்த முகத்தில் முக்கால் பங்கு வழவழவென்று, மெல்லிய வளைகோடுகளுடன் இருந்தது. ஒரு ஓரம் மட்டும் உடைத்த கற்கண்டு போலக் கரகரவென்று இருந்தது. வழவழப்பான பகுதி பல நாட்களாகச் சிறுகச் சிறுக விரிசல் விட்டது, கரகரப்பான ஓரம்தான் அன்றைக்கு முறிந்தது என்று விளக்கினார். எத்தனையோ பயணங்களில் பாதி முறிந்த போல்ட்டின் மேல் சுமையை ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

அன்று மாலையே நண்பர் ஒருவர் கேட்டார்: ‘இரண்டு மூன்று இரவுப் பயணம்தான், சமையல் சாமான் எதுவும் கிடையாது. கேரியரும் அதன் இரண்டு பக்கமும் மாட்டும் பேனியர் பைகளும் வாங்கட்டுமா, சீட்டுக்குப் பின்னால் கட்டும் பை போதுமா?’ ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. நான்கு ஆண்டுகள், ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர் அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பேனியர்கள் ஒருமுறைகூட ஒழுகியதில்லை. வாயை மூன்று மடிப்பு சுருட்டிப் பூட்டினால் போதும். ஒரு பகல் முழுவதும் கொட்டிய மழையிலும் உள்ளே இருந்த தூக்கப்பையின் நுனிகூட நனையவில்லை. மாட்டுவதும் கழற்றுவதும் கண் மூடித் திறக்கும் வேலை. மேலே உள்ள கைப்பிடியைத் தூக்கினால் இரண்டு கொக்கிகளும் வாய் திறக்கும், கம்பியின் மேல் வைத்துக் கையை எடுத்தால் பூட்டிக்கொள்ளும். எங்காவது தங்கும் இடத்தில் பைகளைத் தூக்கிக்கொண்டு அப்படியே உள்ளே போய்விடலாம். ஜோடிக்கு 40 லிட்டர் கொள்ளளவு. துணியில் ஒரு தையல் பிரியவில்லை. சுமை தாழ்வாக இருப்பதால் இறக்கங்களில் சைக்கிள் நிதானமாகப் போகும். நான் இதுவரை வைத்திருந்த பைகளில் இவையே மிகச் சிறந்தவை.

ஆனால் அந்தக் கொக்கி! கொக்கியின் வாய் 16 மில்லிமீட்டர். என் கேரியரின் கம்பி 10 மில்லிமீட்டர். நடுவில் உள்ள 6 மில்லிமீட்டரை நிரப்ப ஒரு கறுப்பு பிளாஸ்டிக் செருகு கொடுக்கிறார்கள். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்னப் புடைப்பு மட்டுமே. முதல் ஆண்டு கடைசியில் வலது பையின் முன் கொக்கியிலிருந்து அது எங்கோ விழுந்துவிட்டது. அன்றிலிருந்து ‘டக்… டக்… டக்’. சாலையின் ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு டக். கரடுமுரடான பாதையில் டகடகடக என்று ஓயாமல். தனியாக ஓட்டிப் போவதே அமைதிக்காகத்தான். காற்றின் ஓசையும் செயினின் மெல்லிய கிறுகிறுப்பும் மட்டும் கேட்க வேண்டிய இடத்தில் மணிக்கணக்காக இந்தத் தட்டல் கூடவே வந்தது.

மாற்றுச் செருகு வாங்கினேன், அதுவும் விழுந்தது. பழைய டியூபை வெட்டிக் கம்பியில் சுற்றி டேப் ஒட்டினேன். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் ரப்பர் கந்தலாகித் தொங்கியது. அதற்குள் கேரியரின் கறுப்புப் பூச்சு தேய்ந்து, கீழே இருந்த அலுமினியத்திலும் விரலால் தடவினால் தெரியும் அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. தேய்ந்த அலுமினியம் பையின் முதுகில் கரியாக அப்பியிருக்கிறது, எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. இத்தனை விலை கொடுத்து வாங்கும் பையில், இத்தனை யோசித்துச் செய்த பூட்டில், இந்த ஒரு துண்டைத் திருகு போட்டுப் பிடித்திருக்கக் கூடாதா? நான்கு ஆண்டுகளாக இதே கேள்விதான்.

போல்ட் முறிந்ததற்கும் இந்தத் தட்டலுக்கும் தொடர்பு உண்டா என்று பழுது பார்த்தவரிடம் கேட்டேன். முழுப் பழியையும் பையின் மேல் போட முடியாது என்றார். போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை கேரியரின் காலும் பிரேமும் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருக்கும். அந்தப் பிடிமானத்தில்தான் சுமை நிற்கிறது. போல்ட் லேசாகத் தளர்ந்தால் போதும், கால் அசையத் தொடங்கும், ஒவ்வொரு குலுக்கலுக்கும் போல்ட் வளைந்து நிமிரும். என் கேரியரில் காலுக்கும் பிரேமுக்கும் நடுவே மூன்று வாஷர் அடுக்கி இடைவெளி விட்டிருந்தேன். அதுவும் தவறு, இடைவெளி கூடக் கூட வளைவும் கூடும். மாதம் ஒருமுறை 4 மில்லிமீட்டர் அறுகோண ஆலன் சாவியால் இறுக்கம் பார்த்திருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓயாமல் குதிக்கும் பை போல்ட்டைத் தளர்த்தாது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

எடைக் கணக்கும் இருக்கிறது. கேரியர் 650 கிராம், பைகள் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 1.9 கிலோ. ஒரு சட்டைகூட வைப்பதற்கு முன்பே இரண்டரைக் கிலோ ஏறிவிடுகிறது. நான் கொண்டுபோவதோ எல்லாம் சேர்த்து 6 கிலோவுக்குள். கேரியரில் 25 கிலோ தாங்கும் என்று பொறித்திருக்கிறது, அதில் பாதியைக்கூட நான் ஏற்றியதில்லை. 40 லிட்டர் இருக்கிறதே என்று இரண்டாம் ஆண்டில் கனமான ஸ்வெட்டர், இன்னொரு ஜோடி செருப்பு என்று எடுத்துப் போய், தொடாமலே திருப்பிக் கொண்டுவந்தேன். எதிர்க்காற்றில் இரண்டு பக்கமும் விரிந்து நிற்கும் பைகள் எவ்வளவு இழுக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

சீட்டுக்குப் பின்னால் கட்டும் 14 லிட்டர் பையை இரவல் வாங்கி இரண்டு பயணம் போனேன். அரைக் கிலோகூட இல்லை. கொக்கி இல்லை, கம்பி இல்லை, சத்தம் இல்லை. குறை என்றால், எழுந்து மிதிக்கும்போது வால் ஆட்டும். கனமான, கெட்டியான பொருட்களைச் சீட் கம்பியை ஒட்டி அடியில் திணித்து, துணிகளைக் கடைசியில் வைத்தால் ஆட்டம் பெருமளவு அடங்கிவிடுகிறது. ஒரு பொருள் வேண்டுமென்றால் முழுவதையும் பிரிக்க வேண்டியிருப்பது எரிச்சல்தான். இங்கிலாந்தில் காரடைஸ் நிறுவனம் 1932 முதல் தைத்துவரும் பருத்திக் கான்வாஸ் பைகளில் அந்தச் சிக்கல் இல்லை. சீட்டுக்குப் பின்னால் குறுக்காகத் தொங்கும், மேல்மூடியைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டும். நனைந்தால் பருத்தி இழை உப்பி நெசவின் கண்களை அடைத்துக்கொள்ளும். ஆனால் அவை கனம் கூடியவை.

கேரியர்தான் வேண்டும் என்பவர்கள் பிரேமில் மரை போட்ட துளைகள் இருக்கின்றனவா என்றும், பையை மாட்டி மிதித்தால் குதிகால் இடிக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வாங்குங்கள். பின்சக்கரம் பெடலுக்கு நெருக்கமாக இருக்கும் பந்தய சைக்கிள்களில் குதிகால் இடிக்க வாய்ப்பு அதிகம். பையைப் பின்னால் தள்ளி மாட்ட வழி இருக்க வேண்டும். கொக்கிச் செருகு உங்கள் கம்பியின் பருமனுக்குப் பொருந்துகிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். சிறிதளவு ஆடினாலும் விட்டுவிடுங்கள்.

நண்பருக்கு என் பதில்: பேனியர் வேண்டாம். ஒழுகாது, கிழியாது, நொடியில் கழன்று வரும், இத்தனையும் உண்மை. இருந்தாலும் வேண்டாம். உங்கள் பயணத்துக்கு சீட் பை ஒன்று, மழைச் சட்டைக்கும் தின்பண்டத்துக்கும் முன்னால் ஒரு சிறிய ஹேண்டில்பார் பை, இவை போதும். ஒரே நிபந்தனை, சீட்டுக்கும் பின் டயருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்க வேண்டும். நீங்கள் உயரம் குறைந்தவர், உங்கள் பிரேமும் சிறியது. அதுதான் எனக்குச் சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு வாருங்கள், சாண் வைத்துப் பார்த்துவிடுவோம். இடம் போதவில்லை என்றால் ஒரு சின்ன கேரியரை மட்டும் பூட்டி, அதன் மேல் 12 லிட்டர் நீர்ப்புகாப் பை ஒன்றை இரண்டு பட்டைகளால் இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம். போல்ட் தளராமல் பிடித்துக்கொள்ளும் நீல மரைப் பசை என்னிடம் இருக்கிறது.