இயற்கை மையத்துக்கு எப்போது போவது: விடியலா, முற்பகலா, இருட்டிய பிறகா?

பக்கத்தில் இருக்கும் இயற்கை மையத்துக்கு, அதாவது குளமும் மரமும் நடைபாதையுமாக உயிர்களைப் பார்த்து அறிய அமைத்த இடத்துக்கு, போகலாம் என்று முடிவானதும் எல்லோரும் முதலில் தேடுவது போகும் வழியும் விடுமுறை நாளும்தான். எந்தப் பொழுதில் போவது என்ற கேள்வி கடைசியில் வருகிறது, அல்லது வருவதே இல்லை. என் கருத்தில் அதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். குளமும் பாதையும் மரங்களும் நாள் முழுக்க அங்கேதான் இருக்கும். பொழுது மாறும்போது வெளியே வரும் உயிர்கள் மாறிவிடுகின்றன. வழிகாட்டி வேண்டுமா, பைனாகுலர் எடுப்பதா, பிள்ளைகளை அழைத்துப் போவதா என்ற மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அதைப் பொறுத்தே அமையும்.

"காலையிலேயே போய்விடுங்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள். பறவைகளுக்காகப் போகிறவருக்கு அது சரியான யோசனை. மற்றவர்களுக்கும் அதையே சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

விடியல்

பறவைக் குரல் கேட்க இதைவிட நல்ல நேரம் இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் சூரியன் எழுவதற்கு முன்பே பறவைகள் பாடத் தொடங்கிவிடும். தன் எல்லையை அறிவிக்கவும் துணையை ஈர்க்கவும் பாடுபவை பெரும்பாலும் ஆண்கள். ஏன் அந்த நேரத்தில் என்பதற்கு ஆய்வாளர்கள் பல விளக்கங்கள் தருகிறார்கள். அரைகுறை வெளிச்சத்தில் இரை தேடுவது கடினம் என்பது ஒன்று. காற்று அசையாமல் இருப்பதால் குரல் சிதையாமல் போய்ச் சேரும் என்பது இன்னொன்று. வெயில் ஏற ஏறப் பாட்டு ஓய்ந்துவிடும், நடுப்பகலில் பல பறவைகள் நிழலில் அடங்கிவிடும்.

ஆனால் விடியலில் காதுக்குக் கிடைப்பதில் பாதிகூடக் கண்ணுக்குக் கிடைக்காது. பழகியவருக்கு அது குறையே இல்லை. புதிதாக வருபவர் இலைகளுக்குள் இருந்து வரும் குரல் யாருடையது என்று தெரியாமல் அரைமணி நேரம் அண்ணாந்து நிற்க வேண்டியிருக்கும். தூக்கம் கலையாத சின்னப் பிள்ளையிடம் "பேசாதே, அசையாதே" என்று சொல்லிக்கொண்டே நடந்தால் அடுத்த முறை அந்தப் பிள்ளை வர மறுக்கும். பல மையங்களில் விடியலில் பாதை மட்டுமே திறந்திருக்கும், காட்சிக்கூடத்தையும் கழிப்பறையையும் பிறகுதான் திறப்பார்கள். பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் இதைக் கேட்காமல் கிளம்பக் கூடாது.

முற்பகல்

பறவை பார்க்க வந்தவர்கள் இனி ஒன்றும் கிடைக்காது என்று திரும்பும் நேரத்தில்தான் பூச்சிகளின் பொழுது தொடங்குகிறது. வண்ணத்துப்பூச்சி தன் உடல் சூட்டுக்கு வெயிலையே நம்பியிருக்கிறது. பறப்பதற்கான தசைகள் நன்றாக இயங்க அதன் உடல் வெப்பம் ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். அதற்காகவே சிறகை விரித்து வெயில் காய்கிறது. நம் நிழல் அதன்மேல் விழாதபடி மெதுவாகப் போனால் வெகு அருகில் நின்று பார்க்கலாம். தட்டான், பல்லி இனங்கள், ஆமை எல்லாம் இதே நேரத்தில் கல்லிலும் கட்டையிலும் வந்து உட்காரும். விடியலில் மணிக்கணக்காகத் தேடினாலும் இவை கண்ணில் படுவது அரிது.

மையத்தில் குளம் இருந்து, வலைபோட்டுப் பார்க்க அனுமதியும் இருந்தால் முற்பகல் இன்னும் ஒரு படி மேல். கைவலையால் நீர்ச்செடிகளின் ஓரமாக மெல்ல அளைந்து, கிடைத்ததை நீரோடு ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்ப்பார்கள். தட்டு வெள்ளையாக இருந்தால்தான் சிறிய உயிர்கள் தெரியும். நத்தை, கொசுப் புழு, தலைகீழாக நீந்தும் பூச்சி எல்லாம் வரும். அதில் தட்டானின் இளம்பருவம் சிக்கினால் அன்றைய பயணத்துக்கு அது ஒன்றே போதும். முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைச் சட்டென்று முன்னால் நீட்டி இரையைக் கவ்வும். மலக்குடலில் இருக்கும் செவுள்களால் மூச்சுவிடும். ஆபத்து என்றால் அங்கே தேக்கிய நீரைப் பின்பக்கம் பீய்ச்சி முன்னால் பாயும். சில இனங்கள் இப்படி நீருக்குள்ளேயே பல ஆண்டுகள் வாழ்ந்த பிறகுதான் சிறகு முளைத்து வெளியே வருகின்றன. பார்த்ததும் அதே குளத்தில் திருப்பி விட்டுவிட வேண்டும்.

இந்த நேரத்தின் குறை கூட்டம். வார நாள் என்றால் பள்ளிக் குழுக்கள், வார இறுதி என்றால் குடும்பங்கள். கோடையில் உச்சிவேளை நெருங்கினால் பூச்சிகளே நிழல் தேடும், நாமும் தளர்ந்துவிடுவோம். இருந்தாலும் பிள்ளைகளோடு முதல் முறை போகிறவருக்கு நான் முற்பகலைத்தான் சொல்வேன். கையெட்டும் தூரத்தில், குனிந்து பார்க்கும் உயரத்தில் உயிர்கள் கிடைப்பது அப்போதுதான்.

இருட்டிய பிறகு

நினைத்த நாளில் போக முடியாது. பெரும்பாலான மையங்கள் மாலையோடு மூடிவிடும், இரவு நிகழ்ச்சி என்று அறிவிக்கும் நாட்களில் மட்டும் முன்பதிவு செய்து போக வேண்டும். அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் விடாதீர்கள். உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் 18,000 அளவில் இருக்க, பெரும்பாலும் இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகள் ஏறக்குறைய 1,60,000. வெள்ளைத் துணியைக் கட்டி விளக்கு வைத்துக் காத்திருந்தால் அவற்றில் சில நம் முன்னே வந்து உட்காரும். பகலில் மட்டும் போய்வருகிறவர் இந்தப் பெருங்கூட்டத்தைப் பார்ப்பதே இல்லை.

வௌவாலும் அப்படித்தான். பூச்சி தின்னும் வௌவால்கள் எழுப்பும் ஒலி பெரும்பாலும் மனிதக் காதின் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும். அதைத் தாழ்த்தி நமக்குக் கேட்கவைக்கும் கருவி பல மையங்களிடம் உண்டு. அமைதியாக இருப்பதாக நினைத்த வானத்தில் இத்தனை சத்தமா என்று தோன்றும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் யாராவது செல்பேசியின் வெள்ளை விளக்கைப் போட்டால் மறுபடி முதலில் இருந்து பழக வேண்டும். மங்கலான சிவப்பு விளக்கு அந்த அளவுக்குக் கெடுக்காது.

தனியாகவா, வழிகாட்டியோடா?

இரவென்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை, வழிகாட்டி கட்டாயம். விடியலில் முதல் முறை போகும்போதும் அவர் இருப்பது நல்லது. குரலைக் கேட்டுப் பெயர் சொல்லி, எந்தக் கிளையைப் பார்க்க வேண்டும் என்று காட்டும் ஒருவரிடம் ஒரு மணி நேரத்தில் கற்பதைத் தனியாகக் கற்கப் பல வாரம் ஆகும். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் தரும் மெர்லின் என்ற செல்பேசிச் செயலி குரலை வைத்துப் பறவையின் பெயரைச் சொல்லும், ஆனால் சில நேரம் தவறாகவும் சொல்லும், எங்கே பார்ப்பது என்று சொல்லாது. செயலியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைத்துப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் எதிரி வந்துவிட்டதாக எண்ணி அந்தப் பறவை தன் வேலையை விட்டுவிட்டு அலைபாயும்.

முற்பகலுக்கு மட்டும் நான் தனியாகப் போவதன் பக்கம். குழுவோடு போனால் குழுவின் வேகத்தில்தான் நடக்க முடியும். ஒரு எறும்பு வரிசையின் முன் இருபது நிமிடம் உட்கார நினைக்கும் பிள்ளைக்கு அது ஒத்துவராது. படம் எடுப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான்.

எதை எடுத்துப் போவது?

விடியலுக்கு பைனாகுலர். 8x42, 10x42 இரண்டில் புதியவருக்கு 8x42 மேல். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்பக்க லென்ஸின் விட்டம். எட்டு மடங்கு என்பது குறைவாகத் தெரியலாம், ஆனால் பார்வைப் பரப்பு பொதுவாக அகலமாக இருப்பதால் பறவையைச் சீக்கிரம் பிடிக்கலாம், கைநடுக்கமும் குறைவாகத் தெரியும். 42 மில்லிமீட்டரை எட்டால் வகுத்தால் 5.25, பத்தால் வகுத்தால் 4.2. கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது, மங்கிய வெளிச்சத்தில் அந்த வித்தியாசம் தெரியும். திறந்த நீர்நிலையில் தொலைவில் இருக்கும் பறவைகளைப் பார்ப்பவருக்கு 10x42 பொருந்தும். வாங்குவதற்கு முன் மையத்தில் இரவல் தருகிறார்களா என்று விசாரியுங்கள், சில இடங்களில் தருவார்கள். முற்பகலுக்கு பைனாகுலரைவிடப் பத்து மடங்கு கைலென்ஸ் பயன்படும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பொருளை அதன் அருகே கொண்டுவர வேண்டும்.

கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்க வேண்டியவை சில. இப்போது எது அதிகம் தென்படுகிறது, பாதையில் சக்கர நாற்காலி போகுமா, அந்த நாளில் பள்ளிக் குழு வருகிறதா, நாயை அழைத்து வரலாமா. தரையில் கூடு கட்டும் பறவைகள் இருக்கும் சில இடங்களில் நாயைக் கயிற்றோடுகூட விடமாட்டார்கள். குளத்தில் கைவைக்கப் போகிறவர்கள் அன்று கையில் கொசுவிரட்டிக் களிம்போ வெயில் களிம்போ பூசக் கூடாது. தவளையின் தோல் நீரையும் அதில் கரைந்ததையும் அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டால் களிம்புக்குத் தேவையே வராது.