வீட்டுக் குரல்பதிவுக்கு ஷூர் எஸ்எம்58: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

மேடையில் பாடுகிறவர்களின் கையில் பார்த்துப் பழகிய, உருண்டைக் கம்பிவலைத் தலை கொண்ட அந்த மைக்கை மடிக்கணினியோடு இணைத்து வீட்டிலேயே குரலைப் பதிவு செய்யலாமா என்று ஓராண்டுக்கு முன் யாராவது கேட்டிருந்தால், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். 1966இல் வெளிவந்து இன்றுவரை விற்பனையில் இருக்கும் ஷூர் எஸ்எம்58 மேடைக்கே உரியது, பதிவுக்கு, மெல்லிய ஒலியையும் நுணுக்கமாகப் பிடிக்கும் கண்டென்சர் மைக்தான் சரி என்பது என் எண்ணமாக இருந்தது. எட்டு மாதங்களாக அதில் பாடிப் பதிவு செய்தபின், ஒலித்தடுப்பு ஏதும் இல்லாத சாதாரண அறையில் பதிவு செய்கிறவருக்கு முதலில் இதையே பரிந்துரைப்பேன்.

இதற்கு முன் என்னிடம் இருந்தது யுஎஸ்பியில் நேராகச் செருகும் ஒரு கண்டென்சர் மைக். அதில் பதிந்த முதல் பாடலை ஹெட்போனில் கேட்டபோது குரல் பளிச்சென்று இருந்தது. ஆனால் மடிக்கணினியின் விசிறி, பக்கத்து அறைக் கதவின் கீல், நான் தாளம் போட்ட விரல் என எல்லாமே அதே பளிச்சோடு இருந்தன. ஒவ்வொரு அடியின் முடிவிலும் வெற்றுச் சுவரில் பட்டுத் திரும்பிய குரல் ஒரு வாலைப் போல நீண்டது. பின்னணி இரைச்சலை மென்பொருளில் ஓரளவு குறைக்கலாம். குரலோடு கலந்துவிட்ட அறையின் எதிரொலியைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். அந்த மைக்கின் மீது குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் அதை 40 செ.மீ. தள்ளி வைத்துப் பாடியவன் நான்.

எஸ்எம்58 வந்தபின் அந்த வால் பெருமளவு மறைந்தது. எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் (காந்தப்புலத்தில் அசையும் கம்பிச்சுருளால் ஒலியைப் பிடிப்பது) அறையின் ஒலியை வாங்காது என்று பலரும் சொல்வதை நானும் முதலில் நம்பினேன். உண்மை அவ்வளவு எளிதன்று. ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு இது 1.85 மில்லிவோல்ட் மட்டுமே தருவதால், வாயை மைக்கின் அருகே கொண்டு போகாமல் போதிய ஒலியளவு கிடைப்பதில்லை. தூரம் பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும் வாயிலிருந்து நேராக வரும் ஒலி சுமார் 6 டெசிபெல் கூடுகிறது. சுவர்களில் பட்டுவரும் ஒலியோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. 40 செ.மீ. தொலைவிலிருந்து 10 செ.மீ.க்கு வந்ததில், எந்தச் செலவுமில்லாமல் அறைக்கு எதிராக 12 டெசிபெல் ஆதாயம் கிடைத்துவிட்டது. மைக் செய்த பெரிய உபகாரம் என்னை அருகில் இழுத்ததுதான். அதே கண்டென்சரில் அதே தூரத்தில் பாடிப் பார்த்தபோது அதுவும் வெகுவாகத் தேறியது; ஆனால் ‘ப’கரம் வரும் இடமெல்லாம் வெடித்தது. எஸ்எம்58இன் வலைத்தலைக்குள் இருக்கும் நுரைப்பஞ்சு அந்த வெடிப்பை ஓரளவு தாங்கிக்கொள்கிறது. மைக்கைச் சற்றே கன்னப்பக்கம் சாய்த்துவிட்டால் ‘பம்பரம்’ என்ற சொல்லைக்கூடத் தயக்கமின்றிப் பாடலாம்.

மிக நெருங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 3 செ.மீ.க்குள் போனால் கீழ்ச்சுருதிகள் ஊதிப் பெருத்து, தொண்டை கட்டியவர் பாடுவது போலாகிறது. எனக்கு 10 செ.மீ., ஏறத்தாழ ஒரு கைப்பிடியளவு தூரம், சரியாக அமைந்தது. பதிவுக்குப் பின் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டிவிடுகிறேன்.

வைக்கும் திசையில்தான் நான் அதிக நாள் தவறு செய்தேன். இது கார்டியாய்ட் வகை. முன்புறத்தை நன்றாகவும் பின்புறத்தை மிகக் குறைவாகவும் கேட்கும். ஆகவே மடிக்கணினி மைக்கின் முதுகுப்பக்கம் இருந்தால் அதன் விசிறிச் சத்தம் வெகுவாக அடங்குகிறது. அதே காரணத்தால், கனமான போர்வையைத் தொங்கவிட வேண்டியது பாடுகிறவரின் முகத்துக்கு எதிரே அல்ல, முதுகுக்குப் பின்னே. மைக் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து, அதற்கு முதுகு காட்டி நின்று பாடுவதும் நல்ல பலன் தரும். முட்டை அட்டைகளை ஒட்டுவதால் சொல்லும்படியான பயன் இல்லை.

மடிக்கணினியின் ஹெட்செட் துளையில் இந்த மைக்கைச் செருகிப் பயனில்லை. எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை மைக் இணைப்பு) உள்ளீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கின் ஒலியைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி, ஒன்று தனியாக வேண்டும். கெயின், அதாவது ஒலிப்பெருக்கம், ஏறத்தாழ 60 டெசிபெல் வரை தரும் இன்டர்ஃபேஸாகப் பார்த்து வாங்குவது அவசியம். இல்லையெனில் மென்குரலில் பாடும்போது குமிழை முழுக்கத் திருப்பியும் போதாமல் போகும். 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ் என்று வைத்து, உச்சங்கள் மைனஸ் 12 டெசிபெல் அளவில் நிற்கும்படி பதிந்தால் போதும். அளவுகாட்டியில் சிவப்புக்கு அருகே ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. விண்டோஸில் ஒலி மேம்பாடுகள் என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். பாடும்போது உங்கள் குரலைக் கணினி வழியாகக் கேட்காமல் இன்டர்ஃபேஸிலிருந்தே நேரடியாகக் கேட்டால் தாமதம் தாளத்தைக் குலைக்காது. பதிவுக்கு இலவச மென்பொருளான ஆடாசிட்டியே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. அதன் இரைச்சல் குறைப்புக்கு மாதிரியாகத் தொடக்கத்தில் சில நொடிகள் மௌனத்தைப் பதிய வேண்டும். அளவுக்கு மீறிக் குறைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இதன் அலைவெண் எல்லை 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரைதான். மூச்சுக்காற்று கலந்து கிசுகிசுப்பாகப் பாடும் இடங்களில், நல்ல கண்டென்சர் தரும் அந்த மெல்லிய காற்றோட்டம் இதில் வருவதில்லை; சமன்படுத்தியில் (ஈக்வலைசர்) மேல்பகுதியை உயர்த்தினால் கொஞ்சம் கிடைக்கிறது, கூடவே இரைச்சலும் வருகிறது. சொற்கள் தெளிவாக விழும்படி நடு உயர்பகுதியைத் தூக்கிக் காட்டும் இயல்பு இதற்கு உண்டு. எனக்கு அது நன்மை. ‘ஸ’ ஒலி கூர்மையாக உள்ள குரல்களுக்கு அது உறுத்தலாம். அறையைச் சீர்செய்துவிட்டவர்கள், அமைதியான இடம் வாய்த்தவர்கள் கண்டென்சருக்கே போகட்டும்.

வாங்குவோர் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். எஸ்எம்58எஸ் என்ற வகையில் உடலிலேயே ஒரு சுவிட்ச் இருக்கும். வீட்டுப் பதிவுக்கு அது தேவையில்லை, தவறுதலாக அணைந்து கிடந்து ஒரு மாலைப்பொழுதையே தின்றுவிடக்கூடும். இரண்டாவது, உலகெங்கும் இந்த மைக்குக்குப் போலிகள் மிகுதி. அசல் மைக்கின் எடை 298 கிராம். பெட்டியைத் திறந்ததும் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். எடை பொருந்தினால் மட்டும் அசல் என்று உறுதியாகாது, கணிசமாகக் குறைந்தால் திருப்பி அனுப்பத் தயங்க வேண்டாம்.