சம்பள உச்சவரம்பா, சொகுசு வரியா?

2004-05இல் வட அமெரிக்காவின் என்ஹெச்எல் ஐஸ் ஹாக்கி சீசனே நடக்கவில்லை. சண்டை இந்த இரண்டில் எது என்பதுதான்.

வீரர்கள் சங்கம் கேட்டது சொகுசு வரி. அணி எவ்வளவு வேண்டுமானாலும் சம்பளம் தரலாம்; எல்லை தாண்டினால் அபராதம். கூடவே சம்பளத்தில் 24 சதவீதம் விட்டுத்தரவும் சங்கம் முன்வந்தது. சின்ன விஷயமா அது?

முதலாளிகள் கேட்டது தாண்டவே முடியாத உச்சவரம்பு. அதுவே வென்றது: அணிக்கு 3.9 கோடி டாலர், 24 சதவீத வெட்டும் சேர்த்து. செலவு கட்டுக்குள் வரும், சிறிய நகர அணிகள் பிழைக்கும், சரி. ஆனால் இந்த முறையில் வீரர்களின் மொத்தச் சம்பளம் லீக் வருமானத்தில் ஒரு பங்கு; வருமானம் குறைந்தால், ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளமே வீரருக்கு முழுதாகக் கிடைக்காது. சொகுசு வரியில் அந்த நஷ்டம் முதலாளியுடையது. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது.