குரோம்பேட்டையில் வீடு தேடியபோது: தெருமுனைத் தரகர், முகவர் நிறுவனம், இணையதளம்

குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் என்று நான்கு மாதம் அலைந்தோம். தேடியது 60 லட்சத்துக்குள் ஒரு பழைய ஃபிளாட். தெருமுனைத் தரகர், பலகை மாட்டிய முகவர் நிறுவனம், இணையதளம் என்று மூன்று வழியிலும் தேடியதில், ஒரே வீடு மூன்று விலையில் எங்கள் முன்னால் வந்து நின்றதும் உண்டு.

வீட்டைக் கண்டுபிடித்துத் தருவதில் தெருமுனைத் தரகரை மற்ற இருவரும் நெருங்கவே முடியாது. டீக்கடைதான் அவருடைய அலுவலகம். எந்த வீட்டுப் பிள்ளை வெளிநாட்டில் தங்கிவிட்டான், எந்தப் பெரியவர் படியேற முடியாமல் விற்க நினைக்கிறார் என்பதெல்லாம் விளம்பரம் வருவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். முடிச்சூர்ப் பக்கம் ஒரு வீடு பார்த்தோம் என்றதும், "2015 வெள்ளத்தில் அந்தத் தெருவில் படகு ஓடியது சார்" என்றார். நன்றியோடு கேட்டுக்கொண்டோம். பிறகுதான் தெரிந்தது, அது வேறொரு தரகர் கையில் இருந்த வீடு. தான் காட்டிய வீடுகளைப் பற்றிக் கேட்டால், அந்த ஆண்டு மழை பெய்ததே அவருக்கு நினைவில்லை.

இணையதளத்தில் 'உரிமையாளர்' என்று போட்டிருந்த எண்களை அழைத்தால் பாதி நேரம் தரகர்தான் எடுத்தார். ஆனாலும் ஒரு பகுதியில் சதுர அடி என்ன விலை சொல்கிறார்கள் என்று அறிய அதைவிட நல்ல வழியில்லை. நான் அதை அதற்கு மட்டும்தான் பயன்படுத்தினேன்.

செலவில் வித்தியாசம் பெரிது. தெருமுனைத் தரகர் கேட்டது 1 சதவீதம், அதாவது 60,000 ரூபாய். நிறுவனம் கேட்டது 2 சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும், கூட்டினால் 1,41,600. கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது ரசீது, வங்கிக் கடனுக்கு ஓர் ஆள், நேரம் தவறாமல் வரும் இளைஞர். தெருமுனையில் ரசீது கேட்டால் சிரிப்பார்கள். "டோக்கன் அட்வான்ஸ் ஒரு லட்சம், ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள்" என்பார்கள். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. அபராதம் அந்த ரொக்கத்தைக் கைநீட்டி வாங்கியவருக்குத்தான். ஆனால் விற்பவர் மனம் மாறினால், கொடுத்ததற்கு ஆதாரமில்லாமல் நிற்பது நாம்.

நிறுவனத்தார் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைப் பெருமையாகக் காட்டினார்கள். அது எதற்கு என்று தெரிந்துகொள்வது நல்லது. ரெராவில் பதிவான புதிய கட்டடத் திட்டங்களில் விற்றுக்கொடுக்க முகவருக்கு அந்தப் பதிவு கட்டாயம். பழைய ஃபிளாட்டின் பத்திரம் சரியா என்பதற்கு அந்த எண் எந்த உத்தரவாதமும் இல்லை. புதிய வீடு வாங்குவதாக இருந்தால் நான் நிறுவனத்திடமே போயிருப்பேன். அங்கே ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று கட்டுநருக்கே சட்டம் கட்டுப்பாடு போட்டிருக்கிறது. ஆனால் அப்போது முகவருக்குப் பெரும்பாலும் கமிஷன் தருபவர் கட்டுநர். அவர் யாருடைய ஆள் என்பதை மறக்கக் கூடாது.

பேரத்தில் மூவருமே சுமார்தான். விலையை 60 லட்சத்திலிருந்து 58 லட்சத்துக்கு இறக்கினால் எனக்கு மிச்சம் 2 லட்சம். தரகருக்கு நஷ்டம் 2,000. அவருக்கு விலை ஏறுவதும் இறங்குவதும் பெரிதல்ல, இந்த மாதமே முடிய வேண்டும், அவ்வளவுதான். இணையதளம் வழியே உரிமையாளரை நேரில் பார்த்தபோதோ, அவர் மனைவி காபி கொடுத்த பிறகு விலையைக் குறைக்கச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

பத்திரம் பார்க்கும் வேலையை மூவரில் யாரிடமும் கொடுக்கவில்லை. விற்பனை முடிந்தால்தான் கூலி என்றிருப்பவர் கண்ணுக்கு வில்லங்கம் எப்படித் தெரியும்? தனியாக ஒரு வழக்கறிஞரை வைத்தோம். தரகர் காட்டி எங்களுக்குப் பிடித்துப்போன முதல் வீட்டில், தந்தை உயில் எழுதாமல் இறந்திருந்தார். வாரிசுச் சான்றிதழில் நான்கு பேர். விற்க வந்தவர்கள் இரண்டு மகன்கள் மட்டும். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. பதிவான ஆவணங்கள்தானே அதில் வரும், கையெழுத்துப் போடாத இரண்டு மகள்கள் எப்படி வருவார்கள்? "அவங்க போட்டுடுவாங்க சார், வக்கீல்னா ஏதாவது சொல்லத்தான் செய்வாங்க" என்றார் தரகர். விட்டுவிட்டோம்.

அடுத்த வீட்டின் உரிமையாளர் வெளிநாட்டில் குடியிருப்பவர். விற்பவர் இங்கேயே இருந்தால், 50 லட்சமும் அதற்கு மேலும் போகும் சொத்துக்கு 1 சதவீத வரியை அவருக்குத் தரும் பணத்திலிருந்து நாம் பிடித்துக் கட்ட வேண்டும். வெளிநாட்டில் இருந்தால் பிடிக்க வேண்டியது அதைவிடப் பல மடங்கு. இதை நிறுவனத்து இளைஞர் சரியாகச் சொன்னார். தெருமுனைத் தரகர் கேள்விப்பட்டதே இல்லை.

கடைசியில் வாங்கியது தெருமுனைத் தரகர் காட்டிய நான்காவது வீட்டை. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் கட்டிப் பதிவு முடிந்து வெளியே வந்தபோது, சார்பதிவாளர் அலுவலக வாசலில் புளியமரத்தடியில் காத்திருந்தார். கமிஷனை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு, "நீங்க இப்ப வாடகைக்கு இருக்கிற வீட்டு ஓனர் விக்கிற ஐடியாவில இருக்காரா சார்?" என்று கேட்டார்.