ஆணியடித்த பௌரானா, திருகாணி வைத்த பௌரானா?

அயர்லாந்தின் கைப்பறையான பௌரானைக் கற்க விரும்புகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஆட்டுத்தோலை மரவளையத்தில் ஆணியடித்து ஒரேயடியாக இறுக்கிய பழைய வகையை வாங்குவதா, உட்புறத் திருகாணிகளால் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் வகையை வாங்குவதா என்பதே. ஆணியடித்த ஒன்றோடு ஓராண்டுக்கு மேல் மல்லுக்கட்டிவிட்டுத் திருகாணிக்கு மாறியவன் என்பதால், என் சாய்வை மறைக்கப் போவதில்லை.

விலையிலும் எடையிலும் பழையதே மேல். 1960களில் ஐரிய இசையமைப்பாளர் ஷான் ஓ ரீயாடா தம் இசைக்குழுவில் சேர்த்து இந்தப் பறையை மேடையேற்றியபோது வாசிக்கப்பட்டதும் அந்த வகைதான். பதினெட்டு அங்குல அகலப் பறையின் கனத்த முழக்கத்துக்கு ஓர் அழகு உண்டு என்பதையும் மறுக்க மாட்டேன்.

ஆனால் எல்லாவற்றையும் தீர்மானிப்பது தோலும் ஈரப்பதமும்தான். மழை நாளில் தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும். மதுக்கூடத்தின் கணப்பருகே உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் விறைத்துத் தகரம்போல ஒலிக்கும். ஆணியடித்த பறையில் தளர்ந்தால் சூடு காட்ட வேண்டும், விறைத்தால் தோலின் பின்புறத்தில் தண்ணீர் தடவ வேண்டும். கஞ்சிரா வாசிப்பவர்களுக்கு இதில் இரண்டாவது தொல்லை நன்றாகவே தெரியும். தேர்ந்த கலைஞர் இதைச் சமாளித்துவிடுவார். கற்கிறவருக்கோ இது பாடத்தையே கெடுக்கிறது. டிப்பர் எனப்படும் சிறு கோல் (மணல் லாரி நினைவுக்கு வந்தால் ‘கிப்பீன்’ என்ற ஐரியப் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம்) தோலில் பட்டுத் துள்ளினால்தான் ரீல், ஜிக் என்னும் ஐரிய நடன மெட்டுகளுக்குரிய கீழ்-மேல் வீச்சு மணிக்கட்டில் படியும். தளர்ந்த தோலில் அந்தத் துள்ளல் இல்லாததால், குறை தன் கையில் இருப்பதாகவே மாணவர் நினைத்துக்கொள்கிறார். நான் பல மாதங்கள் அப்படித்தான் நினைத்தேன். மேலும், தோலின் பின்னால் இடக்கையை அழுத்தி நகர்த்தித்தான் சுருதியை ஏற்றி இறக்குகிறோம். அடிப்படைச் சுருதி நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தால், எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தினால் என்ன ஒலி பிறக்கும் என்பதை இடக்கை எப்போதுமே கற்றுக்கொள்ளாது.

திருகாணி வகையில் ஆலன் சாவி எனப்படும் அறுகோணத் திருகுசாவியால் ஒவ்வொன்றையும் கால் சுற்றுத் திருப்பினால் போதும், ஒரு நிமிடத்தில் நேற்றைய ஒலி திரும்பிவிடும். அடுத்தடுத்து இருப்பதைத் திருகாமல் எதிரெதிராகத் திருக வேண்டும். இல்லையேல் தோல் ஒரு பக்கமாக இழுபடும். வாசித்து முடித்ததும் சற்றுத் தளர்த்தி வைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு பராமரிப்பு எனக்குத் தேவைப்படவில்லை.

செயற்கைத் தோல் பறைகளை ஒரே ஒரு மாலைதான் வாசித்திருக்கிறேன். ஈரம் அவற்றை அசைக்கவில்லை; ஆனால் இடக்கைக்கு ஆட்டுத்தோலின் இணக்கம் கிடைக்கவில்லை என்று தோன்றியது. அவ்வளவு குறைந்த பழக்கத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது முறையன்று. திருகாணி வகையை வாங்குவோர் பதினான்கு அல்லது பதினைந்து அங்குல அகலத்தில், ஆழமான வளையம் கொண்டதைத் தேடட்டும்; கடையிலேயே ஒவ்வொரு திருகாணியையும் திருகிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கட்டும்.