மைனஸ் டி-யா, டேட்டா-யுஆர்எல்என்கோடா?

ஆர்டர் தயாரானதும் வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும் என்று தம்பியின் டிபன் கடைக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். போன் நம்பர், செய்தி என்று இரண்டே ஃபீல்டு. அவற்றை எஸ்எம்எஸ் சர்வருக்கு அனுப்ப, பழக்க தோஷத்தில் கர்லின் (டெர்மினலிலிருந்தே வலைக்குத் தரவு அனுப்பும் curl கருவி) மைனஸ் டி (-d) ஆப்ஷனைப் போட்டேன். இப்போது அந்த இடத்தில் இருப்பது அதே கர்லின் டேட்டா-யுஆர்எல்என்கோட் (--data-urlencode).

இரண்டும் போஸ்ட்தான் (சர்வருக்குத் தரவு அனுப்பும் முறை) செய்யும், ஒரே கன்டென்ட்-டைப்பைத்தான் (தரவு என்ன வகை என்று சொல்லும் குறிப்பு) வைக்கும். ஆனால் மைனஸ் டி கொடுத்ததை அப்படியே அனுப்பிவிடும். மற்றது மதிப்பை என்கோட் செய்து, அதாவது சிறப்புக் குறிகளை % போட்ட குறியீடுகளாக மாற்றி, அனுப்பும். இந்த ஒரு வித்தியாசம் எனக்கு ஒரு முழு நாளைத் தின்றது.

முதலில் +91 மாட்டியது. படிவத் தரவில் + என்றால் இடைவெளி என்று அர்த்தம், நம்பர் கெட்டுப்போனது. சரி, + வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். அப்புறம் 'இட்லி & வடை தயார்' என்ற செய்தி 'இட்லி'யோடு நின்றது. & வந்தால் அடுத்த ஃபீல்டு என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். வயிற்றெரிச்சல் என்னவென்றால், எங்கேயும் பிழை இல்லை, பதில் 200 ('எல்லாம் சரி') தான். "வடை இல்லையா?" என்று ஒருவர் போன் செய்த பிறகுதான் தெரிந்தது.

அந்தக் குறிகளைக் கையாலேயே %26, %2பி என்று மாற்றி எழுதலாமே என்பார்கள். மாறாத செய்திக்குச் சரி. வேரியபிளில் வரும் பெயரில் என்ன இருக்கும் என்று யார் கண்டது? அதனால்தான் மாறினேன். 2008-இல் 7.18.0 பதிப்பிலேயே வந்துவிட்ட ஆப்ஷன், பழைய சர்வரிலும் இருக்கும்.

ஃபைலிலிருந்து படிக்கும்போதும் இதுவே மேல். மைனஸ் டி வரிமுறிவுகளைத் தின்றுவிடும், நாலு வரிச் செய்தி ஒரே வரியாகும். டேட்டா-யுஆர்எல்என்கோட் அவற்றைக் காப்பாற்றும். ஆனால் செய்தியை எக்கோ (echo) கட்டளையிலிருந்து நேரே கர்லுக்குப் பைப் செய்தால், எக்கோ கடைசியில் சேர்க்கும் வரிமுறிவும் %0ஏ ஆகச் சேர்ந்து போகும், அதைச் சேர்க்காத பிரின்ட்எஃப் (printf) போடுங்கள்.

கர்ல் போன்ற இன்னொரு கருவியான டபிள்யூகெட்டின் (wget) போஸ்ட்-டேட்டா ஆப்ஷனும் மைனஸ் டி மாதிரிதான், என்கோட் செய்வது நம் வேலை. கர்ல் இல்லாத மெஷினில் மட்டும் தொடுவேன். ஹெச்டிடிபிபை (HTTPie) என்ற மற்றொரு கருவியில் ஃபார்ம் ஆப்ஷன் கொடுத்தால் தானே என்கோட் செய்கிறது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் இரண்டு மூன்று தடவை சோதித்ததோடு சரி, குறித்த நேரத்தில் தானே ஸ்கிரிப்டை ஓட்டும் கிரானில் (cron) ஓட்டிப் பார்த்ததில்லை.

மைனஸ் டி-யை நான் விட்டுவிடவில்லை. வெறும் எண்கள் போகும் இடத்தில் இன்னும் அதுதான், டைப் செய்யச் சுலபம்.